முதலில் யாரைத் தயார்ப்படுத்துவது: முதலாளியையா, ஊழியர்களையா, புதிதாக ஒரு நிபுணரையா?

மலேசியாவின் பினாங்குத் தீவிலும் அதன் எதிரே பெருநிலத்தில் உள்ள செபராங் பிறையிலும் தொழில் நடத்தும் நம்மவர்கள் பலர் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். மசாலா அரைவை ஆலை, அச்சகம், லாரிப் போக்குவரத்து, உலோகப் பட்டறை என்று தொழில் மாறினாலும் கேள்வி மாறுவதில்லை. “இந்த ஆண்டு டிஜிட்டல் திறனுக்காக 20,000 வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்க முடியும். அதை யாருக்குச் செலவழிப்பது? நான் கற்றுக்கொள்ள வேண்டுமா, ஆட்களைப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டுமா, விவரம் தெரிந்த ஒருவரை வேலைக்கு எடுத்துவிடலாமா?”

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் திறனால் நீடித்த நிலைத்தன்மையும் புத்தாக்கமும் வர வேண்டுமானால், பத்து முதல் அறுபது பேர் வரை வேலை செய்யும் நிறுவனத்தில் முதலாளிதான் முதலில் பயிற்சிக்கு உட்கார வேண்டும். ஆனால் அவருக்குச் சில நாள்களே போதும். பணத்தின் பெரும்பகுதி மேற்பார்வையாளர்களுக்கும் ஊழியர்களுக்கும் போக வேண்டும். நிபுணரை வேலைக்கு எடுப்பது சில நிறுவனங்களுக்கு மட்டுமே பொருந்தும். எவற்றுக்கு என்பதைப் பின்னால் சொல்கிறேன். இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும், எந்தச் சூழ்நிலையில் இது செல்லாது என்பதையும் விளக்கவே இக்கட்டுரை.

## கேள்வி இப்போது எழுவது ஏன்

உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் (மின்விலைப்பட்டியல்) முறை 2024 ஆகஸ்டு 1-இல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட நிறுவனங்களில் தொடங்கியது. 2025 ஜூலை 1-இல் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும், 2026 ஜனவரி 1-இல் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் எட்டிவிட்டது. கணக்குப் புத்தகத்தை மட்டும் நம்பி இருந்த பலர் கணினிமுன் உட்கார்ந்தது இதனால்தான்.

இன்னொரு நெருக்கடி வாடிக்கையாளர்களிடமிருந்து வருகிறது. 2024 செப்டம்பரில் அறிமுகமான தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பின்படி, பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்கள் 2025 நிதியாண்டிலிருந்து தங்கள் பருவநிலைத் தகவல்களை வெளியிட வேண்டும். மற்றவை அடுத்தடுத்த ஆண்டுகளில் சேர்கின்றன. அந்த நிறுவனங்கள் தங்கள் தொழிற்சாலையின் கணக்கோடு நிறுத்திக்கொள்ள முடியாது. பொருள் வழங்குபவர்களின் கணக்கும் ஒருநாள் தேவைப்படும். அதனால்தான், “கடந்த ஆண்டு எத்தனை யூனிட் மின்சாரம் செலவானது, எத்தனை லிட்டர் டீசல் எரிந்தது, எவ்வளவு கழிவு போனது” என்று கேட்கும் படிவங்கள் பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்பேட்டைகளின் பெரிய நிறுவனங்களிலிருந்து சிறிய பட்டறைகளுக்கு வந்து சேர்கின்றன. ஐரோப்பாவுக்கு இரும்பு, எஃகு, அலுமினியப் பொருள்கள் செல்லும் சங்கிலியில் இருப்பவர்களுக்கு நெருக்கடி இன்னும் கூடுதல். அங்கே, இறக்குமதிப் பொருளின் கரிம வெளியீட்டுக்கு விலை வைக்கும் எல்லைக் கரிமச் சரிசெய்தல் முறை 2026 ஜனவரி 1 முதல் முழுமையாக நடப்புக்கு வந்துவிட்டது. திருகாணிகூட அதன் பட்டியலில் இருக்கிறது.

செலவும் உயர்ந்திருக்கிறது. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. தீபகற்பத்தில் டீசல் விலை 2024 ஜூன் 10-இல் லிட்டருக்கு 2.15 வெள்ளியிலிருந்து 3.35-க்குப் போனது. மின்கட்டண அமைப்பும் 2025 ஜூலை 1-இல் மாறியது. எனவே நீடித்த நிலைத்தன்மை என்று நான் இங்கே சொல்வது அறிக்கையின் அட்டைப் படத்தை அன்று. வீணாகும் மின்சாரம், வீணாகும் எண்ணெய், வீணாகும் சரக்கு ஆகியவற்றைக் குறைப்பதை. புத்தாக்கம் என்பதும் அப்படித்தான். நேற்று செய்ததைவிட நல்ல முறை ஒன்றைக் கண்டுபிடித்து, நாளையும் அதே முறையில் செய்ய முடிந்தால் அது புத்தாக்கம்.

## எவற்றை வைத்து ஒப்பிடுவது

ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

1. எண்கள் முடிவாக மாறுகின்றனவா? யாரோ பதிவு செய்கிறார், யாரும் பார்ப்பதில்லை என்றால் அந்தத் திறனால் பயன் இல்லை.
2. ஓராண்டுக்குள் மின்சாரம், எரிபொருள், மூலப்பொருள் ஆகியவற்றில் அளந்து காட்டக்கூடிய குறைவு வருமா?
3. வேலை நடக்கும் இடத்திலிருந்து புதிய யோசனைகள் மேலே வருமா?
4. உண்மையான செலவு எவ்வளவு? கட்டணம் மட்டுமல்ல, நேரமும் பதற்றமும் சேர்த்து.
5. ஒருவர் விலகிப் போனால் திறனும் அவரோடு போய்விடுமா?

இவற்றில் முதலாவதுக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். அது தவறினால் மற்ற நான்கும் தாமாகவே தவறிவிடும்.

## வழி ஒன்று: முதலாளியும் நிர்வாகமும் முதலில்

இதற்கு ஆதரவாகத் தொழில் வரலாற்றிலேயே ஒரு சான்று உண்டு. 1880-களில் மின்மோட்டார் தொழிற்சாலைகளுக்கு வரத் தொடங்கியது. ஆனால் உற்பத்தித்திறன் பெரிதாகத் தாவியது 1920-களில்தான். இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைப் பொருளியல் வரலாற்றாசிரியர் பால் டேவிட் 1990-இல் எழுதிய கட்டுரை விளக்குகிறது. பழைய ஆலைகளில் ஒரே நீராவி எந்திரம் நீண்ட தண்டு ஒன்றைச் சுழற்ற, அதிலிருந்து வார்கள் வழியாக எல்லாப் பொறிகளும் ஓடின. முதலாளிகள் நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் பெரிய மின்மோட்டார் ஒன்றை வைத்தார்கள். தண்டும் வாரும் கட்டடமும் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பொறிக்கும் தனி மோட்டார் பொருத்தி, வேலை நகரும் வரிசைப்படி ஆலையையே மாற்றி அமைத்த பிறகுதான் பலன் கிடைத்தது. அந்த மாற்றத்தை எந்தத் தொழிலாளியும் தனியாகச் செய்திருக்க முடியாது. சுவரை இடிக்க அதிகாரம் உள்ளவர் முடிவெடுத்தாக வேண்டும்.

இன்றும் அப்படித்தான் நடக்கிறது. தாளில் இருந்த பதிவேட்டை டேப்லெட்டுக்கு மாற்றிவிட்டு, வேலை வரிசை, கொள்முதல் பழக்கம், யார் யாரிடம் கேட்டுச் செய்வது என்ற ஒழுங்கு ஆகியவற்றை அப்படியே வைத்திருந்தால் சேமிப்பு தாளில் மட்டும்தான்.

முதலாளிக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. தன் நிறுவனத்தின் பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீதையும் உற்பத்தி எடையையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்க்கத் தெரிய வேண்டும். “மார்ச்சில் உற்பத்தி குறைந்திருக்கிறது, மின்சாரம் ஏன் குறையவில்லை?” என்று கேட்கத் தெரிய வேண்டும். மென்பொருள் விற்பவர் வரும்போது, என் தரவை நான் வெளியே எடுத்துச் செல்ல முடியுமா, எந்த வடிவத்தில் என்று கேட்கத் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் பட்டியலையும் ஊழியர் விவரங்களையும் இணையத்தில் கிடைக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் ஒட்டக்கூடாது என்பதும், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 என்று ஒன்று இருப்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதற்கெல்லாம் இரண்டு மூன்று முழு நாள்கள் போதும். அந்த நாள்கள் விடுதி மண்டபத்தில் நடக்கும் மாநாடாக இல்லாமல், சொந்தக் கணக்கை வைத்து நடப்பதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

மறைந்திருக்கும் செலவுகள் இரண்டு. பயிற்சி முடித்த உற்சாகத்தில் முதலாளி பெரிய மென்பொருளுக்குக் கையெழுத்திடுவது ஒன்று. முதல் ஆண்டுக் கட்டணம் குறைவாக இருக்கும், புதுப்பிப்பும் ஆள் வாரியான உரிமமும் பின்னால் வரும். குடும்பத் தொழில்களில் இன்னொன்றைப் பார்க்கிறோம். மகனோ மகளோ பயிற்சிக்குப் போய் வருகிறார், கையெழுத்து அதிகாரமோ அப்பாவிடம் இருக்கிறது. இப்படியானால் முதல் அளவுகோலிலேயே தோற்றுப்போகிறோம். போகிறவர் முடிவெடுக்கும் உரிமை உள்ளவராக இருக்க வேண்டும். இல்லையென்றால் இருவரும் சேர்ந்து போக வேண்டும்.

இந்த வழி எப்போது சிறந்தது? ஆலை முழுவதும் பொறிகளும் மீட்டர்களும் ஏற்கெனவே இருந்து, யாரும் அவற்றைப் பார்க்காத நிலையில். அடுத்த தலைமுறைக்குப் பொறுப்பு கைமாறும் நேரத்தில். புதிய கட்டடம், புதிய பொறி வாங்கப் போகும் ஆண்டில்.

## வழி இரண்டு: ஊழியர்கள் முதலில்

பணம் அதிகம் போக வேண்டிய இடம் இதுதான் என்று சொன்னேன். காரணத்தை ஒரு மசாலா ஆலையை வைத்துக் காட்டுகிறேன்.

இருபத்தைந்து பேர் வேலை செய்யும் ஆலை. கொத்தமல்லி, சீரகம், சோம்பு, மஞ்சள், மிளகாய் என்று ஐந்து வகை அரைவை. ஒவ்வொரு வகை மாறும்போதும் அரைவைப் பொறியைத் துடைத்து, காற்றடித்து, ஒட்டியிருக்கும் தூளை எடுத்து, முதலில் வரும் சில கிலோவை ஒதுக்க வேண்டும். மிளகாய்க்குப் பின் சீரகம் அரைப்பதென்றால் சுத்தம் செய்ய நெடுநேரம் பிடிக்கும், ஒதுக்கும் தூளும் அதிகம். கொத்தமல்லிக்குப் பின் சீரகம், அதற்குப் பின் சோம்பு என்று மணமும் நிறமும் மெல்லியவற்றில் தொடங்கி, மஞ்சளையும் மிளகாயையும் கடைசியில் வைத்தால் வேலை பாதியாகும். இது பொறியின் அருகில் நிற்கும் அக்காவுக்கு வருடக்கணக்காகத் தெரியும். ஆனால் அலுவலகத்திலிருந்து ஆர்டர் வந்த வரிசையில் சீட்டு வருகிறது. வந்த வரிசையில் அரைக்கிறார்கள்.

அந்த அக்காவின் கையில் ஒரு டேப்லெட் இருந்து, எந்த வகை எத்தனை மணிக்குத் தொடங்கியது, எப்போது முடிந்தது, சுத்தம் செய்ய எவ்வளவு நேரம், எத்தனை கிலோ ஒதுக்கப்பட்டது என்ற நான்கு விவரங்களை மட்டும் ஆறு வாரம் பதிவு செய்தால் போதும். வரிசையை மாற்றினால் என்ன மிச்சமாகும் என்பது கண்ணெதிரே நிற்கும். சுத்தம் செய்யும்போதும் சீட்டுக்காகக் காத்திருக்கும்போதும் பொறி வெறுமனே ஓடும் நேரமும் அதில் தெரியும். 15 கிலோவாட் மோட்டார் வெறும் ஓட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் இழுக்கிறது, நாளுக்கு இரண்டு மணி நேரம் அப்படி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள்களுக்கு 260 யூனிட். தீபகற்ப மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய முக்கால் கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கு மேல். ஒரே மோட்டார், ஒரே பழக்கம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நேரவாரிக் கட்டணத்தில் இருப்பவர்களுக்கு வார நாள்களில் பிற்பகல் 2 மணி முதல் இரவு 10 மணி வரை உச்ச நேரம். வறுப்பதையும் அரைப்பதையும் காலைக்கு மாற்றினால் கட்டணம் குறையும். அது நல்ல நிர்வாகம்தான். ஆனால் யூனிட் குறையவில்லை என்பதால் படிவத்தில் எழுதும் மின்பயன்பாடு அப்படியே இருக்கும். வெறும் ஓட்டத்தை நிறுத்தினால்தான் இரண்டும் குறையும். இந்த வேறுபாட்டை மேற்பார்வையாளர் புரிந்துகொண்டிருந்தால் அவர் கொண்டுவரும் யோசனைகளின் தரமே மாறிவிடும்.

செலவுக்கு வருவோம். உற்பத்தி, சேவை உள்ளிட்ட பெரும்பாலான துறைகளில் பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களை வைத்திருக்கும் முதலாளிகள், 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்புக்கு லெவியாக, அதாவது பயிற்சிக்கான கட்டாயக் கட்டணமாக, செலுத்துகிறார்கள். ஐந்து முதல் ஒன்பது பேர் வரை இருந்தால் விருப்பப்படி அரை விழுக்காடு செலுத்திச் சேரலாம். இருபத்தைந்து பேருக்குச் சராசரி 2,500 வெள்ளி சம்பளம் என்றால் மாதம் 625, ஆண்டுக்கு 7,500 வெள்ளி. நிறுவனம் ஏற்கெனவே கட்டிவிட்ட பணம் அது. பயிற்சிக்கு விண்ணப்பித்தால் திரும்பி வரும். நீண்ட காலம் தொடாமல் விட்டால் இழக்கவும் நேரிடும். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும் என்ற விதியை மறந்து, வகுப்பு முடிந்த பிறகு ரசீதோடு போய் நிற்பவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதே கழகத்தின் இ-லத்தே தளத்தில் இலவச வகுப்புகள் இருக்கின்றன. அடிப்படை விரிதாள் கணக்குக்கு அதுவே போதும்.

ஆனால் மறைந்திருக்கும் செலவுகள் இந்த வழியில்தான் அதிகம்.

நேரம். பன்னிரண்டு பேரை இரண்டு நாள் அனுப்பினால் 192 மணி நேர உழைப்பு ஆலையில் இல்லை. 2023 முதல் வார வேலை நேரத்தின் உச்சவரம்பு 45 மணி. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். ஓய்வு நாளில் அமரவைத்துச் சொல்லிக்கொடுத்தால் பாதி பேர் காதில் வாங்கமாட்டார்கள், அது நியாயமும் இல்லை. மசாலா, பலகாரத் தொழிலில் இருப்பவர்கள் தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

மொழி. பெரும்பாலான வகுப்புகள் மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கின்றன. ஐம்பது வயதைத் தாண்டிய ஊழியருக்குப் பேச்சு மலாய் நன்றாக வரும். வகுப்பறை மலாயில் மென்பொருள் விளக்கம் வேறு விஷயம். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பி வருவார். உள்ளே ஒருவர் முதலில் கற்றுக்கொண்டு, பொறியின் அருகிலேயே தமிழில் சொல்லிக்கொடுப்பது மெதுவாகத் தோன்றும், நிலைப்பது அதுதான்.

வெளிநாட்டு ஊழியர்கள். பொறியை ஓட்டுபவர் நேப்பாளத்திலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவராக இருக்கலாம். லெவியும் அதன் மானியமும் மலேசிய ஊழியர்களுக்கானவை. பதிவு செய்ய வேண்டிய கை ஒன்று, பயிற்சி பெறும் கை இன்னொன்று என்றாகிவிடும். அவர்களுக்கான செலவை நிறுவனமே ஏற்க வேண்டும். ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பயம். எல்லாவற்றிலும் விலை அதிகம் இதற்குத்தான். முதல் மாதம் பதிவான எண்ணைக் காட்டி, “நீ ஏன் அவனைவிட மெதுவாக இருக்கிறாய்?” என்று ஒரே ஒருமுறை கேட்டுவிட்டால் போதும், அடுத்த மாதம் எல்லா எண்ணும் அழகாக இருக்கும், எதுவும் உண்மையாக இருக்காது. ஒதுக்கிய தூளின் எடை திடீரென்று பாதியாகும், குப்பைத் தொட்டி மட்டும் பழைய கனத்திலேயே இருக்கும். ஊழியரின் டிஜிட்டல் திறன் எவ்வளவு உயர்ந்தாலும் முதலாளியின் ஒரு சொல் அதை ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடலாம். முதலாளி முதலில் உட்கார வேண்டும் என்று நான் சொல்வதற்கு முக்கியமான காரணம் இதுவே.

விலகிப் போவது பற்றியும் கேட்பார்கள்: “பயிற்சி கொடுத்தால் பெரிய தொழிற்சாலைக்குப் போய்விடுவார்களே?” சிலர் போகத்தான் செய்வார்கள். ஆனால் எட்டுப் பேருக்குத் தெரிந்த ஒன்று ஒருவர் போவதால் அழிவதில்லை. ஐந்தாவது அளவுகோலில் இந்த வழிக்கு ஈடில்லை.

இந்த வழி எப்போது சிறந்தது? முதலாளிக்கு ஏற்கெனவே எண்களில் ஆர்வம் இருந்து, கேட்டால் கிடைப்பதில்லை என்ற நிலையில். வீணாவது பொறியருகிலும் சாலையிலும் நடக்கும் தொழில்களில். ஊழியர்கள் நீண்ட காலம் தங்கும் நிறுவனங்களில்.

## வழி மூன்று: ஒரு நிபுணரை வேலைக்கு எடுப்பது

கேட்க எளிதாக இருக்கும் வழி. தரவு தெரிந்த ஒருவர் வருவார், அமைப்பை உருவாக்குவார், அறிக்கையும் அவரே எழுதுவார்.

மாதம் 5,500 வெள்ளி சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 66,000. ஊழியர் சேமநிதிக்கு முதலாளியின் பங்கு 12 விழுக்காடு, அதாவது 7,920. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குக் கட்டுவதைச் சேர்க்காமலே 73,920 ஆகிவிட்டது. தொடக்கத்தில் பேசிய 20,000 வெள்ளி நான்கு மாதத்துக்குக்கூட வராது.

பினாங்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வணிகத் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து இங்கே திறனுக்குப் போட்டி ஓய்ந்ததில்லை. பெரிய மின்னணு நிறுவனங்களே தனித்தனியாகப் பயிற்சி கொடுத்து மாளாமல், 1989-இல் மாநில அரசோடு சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை உருவாக்கின. அவ்வளவு பெரிய நிறுவனங்கள் தேடும் ஆளைத்தான் நீங்களும் தேடுகிறீர்கள். ஒன்றரை ஆண்டில் அவர் கடல் கடந்து தீவுக்கோ, இன்னும் தெற்கே சிங்கப்பூருக்கோ போனால் குறை சொல்ல முடியாது. அவர் எழுதிய சூத்திரங்கள் நிறைந்த கோப்பு மட்டும் மிஞ்சும்; திறந்து பார்ப்பவருக்கு ஒன்றும் புரியாது.

நல்ல நிபுணர் வந்தாலும், உத்தரவு பிறப்பிப்பதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை, தரவு தருவதற்குக் கீழே ஆள் இல்லை என்றால் அவர் அலுவலகத்தில் அச்சுப்பொறி பழுது பார்ப்பவராக முடிவார். இது திறமையான இளைஞர்களுக்கு நாம் செய்யும் அநியாயம் என்றே சொல்வேன்.

ஆனாலும் சில இடங்களில் இதுவே சரி. ஐரோப்பாவுக்குப் போகும் எஃகுத் திருகாணி, உதிரிப் பாகங்கள் செய்பவர்களுக்குக் கரிமக் கணக்கு குறிப்பிட்ட முறைப்படி, தவணை தவறாமல் வேண்டும்; அது மேற்பார்வையாளரின் பக்கவேலையாக முடியாது. இரண்டு மூன்று ஆலைகள் உள்ளவர்களுக்கும், முதல் இரண்டு வழிகளில் ஓராண்டு நடந்து தரவு குவிந்துவிட்டவர்களுக்கும் ஆள் தேவை. அந்த நிலையிலும் வெளியிலிருந்து எடுப்பதற்கு முன், உள்ளே ஆர்வமாக இருக்கும் எழுத்தரை உயர்த்த முடியுமா என்று பாருங்கள்.

வெளி ஆலோசகரை ஒப்பந்தத்தில் அமர்த்துவது இதன் சிறிய வடிவம். ஒருமுறை அடித்தளக் கணக்கு எடுக்கவும், மீட்டர் எங்கே பொருத்துவது என்று சொல்லவும் அவர் பயன்படுவார். ஆண்டுதோறும் படிவத்தை நிரப்ப அவரையே அழைத்தால், வாடகை வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் உங்கள் பணத்தில் திறன் வேறொருவருடையதாகிவிடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முதலாளி முதலில் | ஊழியர்கள் முதலில் | நிபுணரை எடுப்பது |
|---|---|---|---|
| எண் முடிவாக மாறுவது | மிக நன்று | முதலாளி பார்த்தால் மட்டும் | அதிகாரம் கொடுத்தால் மட்டும் |
| ஓராண்டுக்குள் வீண் குறைவது | தனியாகச் சிறிதே | அதிகம் | முதல் ஆண்டில் அரிது |
| கீழிருந்து யோசனை | வழி திறக்கும் | நேரடியாக வரும் | ஆளைப் பொறுத்தது |
| வெளித்தெரியும் செலவு | குறைவு | நடுத்தரம், லெவி உதவும் | மிக அதிகம் |
| மறைந்த செலவு | அவசர மென்பொருள் | வேலை நேரம், பயம் | பாதியில் விலகல் |
| ஒருவர் போனால் | குடும்பத்தில் தங்கும் | தாங்கும் | எல்லாம் போகும் |

## அந்த 20,000 வெள்ளியை நான் பிரிக்கும் விதம்

முதலாளியின் இரண்டு மூன்று நாள்களுக்கு 2,000. துணை மீட்டர்கள், இரண்டு டேப்லெட், ஒரு நல்ல எடைத் தராசு ஆகியவற்றுக்கு 5,000. மேற்பார்வையாளர், ஊழியர் பயிற்சிக்கும் அவர்கள் இல்லாத நேரத்தைச் சமாளிக்கும் மாற்று ஆள் கூலிக்கும் 9,000. லெவியிலிருந்து வருவதை இதற்குமேல் கூடுதலாகக் கொள்ளுங்கள்.

மீதமுள்ள 4,000-ஐத்தான் பெரும்பாலோர் ஒதுக்குவதில்லை. ஊழியர் ஒருவர் சொல்லும் யோசனையைச் சோதித்துப் பார்க்க அந்தப் பணம். அரைவை வரிசையை இரண்டு வாரம் மாற்றிப் பார்ப்போம், அதில் ஒரு ஆர்டர் தாமதமானால் இழப்பு இதிலிருந்து போகட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், அடுத்த யோசனை தானாக வரும். பணம் ஒதுக்காமல் புத்தாக்கம் வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசுவதால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

வாடிக்கையாளரின் படிவத்துக்காகத் தனி ஏற்பாடு வேண்டாம். கேப்பிட்டல் மார்க்கெட்ஸ் மலேசியா அமைப்பு 2023-இல் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்காக வெளியிட்ட நிலைத்தன்மைத் தகவல்களுக்கான எளிய வெளிப்பாட்டு வழிகாட்டியில் அடிப்படை, இடைநிலை, மேல்நிலை என்று மூன்று படிகள் உள்ளன. அடிப்படைப் படியில் கேட்கப்படும் மின்சாரம், எரிபொருள், நீர், கழிவு ஆகியவை மேலே சொன்ன பதிவுகளிலிருந்தே பெரும்பாலும் கிடைத்துவிடும்.

## வரிசை மாறும் இடங்கள்

ஜார்ஜ்டவுன் லெபோ பாசார் போன்ற கடைத்தெருக்களில் நான்கைந்து பேரோடு நடக்கும் கடைகளுக்கு இந்த ஒப்பீடே பெரிது. அங்கே முதலாளிதான் ஊழியரும். வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் தளம் இலவசம்; அதையும் சரக்கு இருப்புக் கணக்கையும் ஒழுங்காக்கினால் போதும்.

அச்சகங்களில் வழி ஒன்றும் இரண்டும் ஒரே வாரத்தில் தொடங்கலாம். தாள் வீணாவதை அச்சடிப்பவரே அறிவார். ஆனால் வாடிக்கையாளரிடம், “இந்த அளவில் அடித்தால் தாள் மிச்சமாகும்” என்று சொல்லும் இடத்தில் இருப்பவர் முதலாளி.

லாரி நிறுவனங்களில் மட்டும் நான் ஊழியர்களை முதலில் வைப்பேன். வாகனம் எங்கே நிற்கிறது என்று காட்டும் கருவி பெரும்பாலான லாரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. முதலாளியின் கைப்பேசியிலும் அது தெரிகிறது. தெரியாதது, ஏன் நிற்கிறது என்பது. பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்தில் வரிசையா, ஏற்றும் கிடங்கில் ஆள் இல்லையா, குளிரூட்டிக்காக எந்திரம் ஓடுகிறதா? கனரக லாரி நின்ற இடத்தில் எந்திரம் ஓடினால் மணிக்கு 2 முதல் 3 லிட்டர் டீசல் குடிக்கும். பத்து லாரி, நாளுக்கு ஒரு மணி, 26 நாள் என்றால் மாதம் 650 லிட்டர். சரக்கு லாரிகளுக்கு அரசு தரும் டீசல் உதவித்தொகை அட்டையின் 2.15 வெள்ளி விலையிலேயே 1,400 வெள்ளியை நெருங்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கரியமில வாயு என்று கணக்கிட்டால் ஒன்றே முக்கால் டன். காரணத்தைத் தட்டிப் பதிவு செய்ய ஓட்டுநருக்கு நான்கு பொத்தான்கள் உள்ள திரை கொடுங்கள். எந்தப் பொத்தானுக்கும் தண்டனை இல்லை என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். ஒரு மாதம் கழித்து அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு முதலாளி கிடங்குக்காரரிடம் பேசப் போகும்போது, ஓட்டுநர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும்.